வி.பி.பி. பார்சலும் ஆன்லைன் காமிராவும்

போன மாதம் பேத்தி பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வந்ததும் வராததுமாக, “தாத்தா, பறவை படம் எடுக்க ஒரு காமிரா வாங்கணும். கடையில வாங்கவா, ஆன்லைன்ல வாங்கவா?” என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பாதிப் பணம் என் பென்ஷனிலிருந்து போக வேண்டும். இரண்டு, ஐம்பது வருடமாகக் காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நான்.

“பொறு, யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். இதே கேள்விக்கு ஒன்பது பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பதில் கண்டுபிடித்தேன். அது சரியான பதில் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தச் சங்கதியை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், காமிரா என்ற பொருள் நம் பக்கத்துக்கு எப்படியெல்லாம் வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தபால் துறையில் 1974 முதல் 2013 வரை வேலை பார்த்தவன். தூரத்தில் இருக்கும் கடையில் பொருள் வாங்குவது ஏதோ இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். காமிராவைப் பொறுத்தவரை தூரத்துக் கடைதான் முதலில் வந்தது. பக்கத்துக் கடை பிறகுதான் வந்தது.

பிரான்சில் டாகுவேர் தன் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டது 1839இல். மறு வருடமே, 1840 ஜனவரியில், கல்கத்தாவில் தாக்கர் கம்பெனி டாகுவேர் காமிராவுக்குப் பத்திரிகை விளம்பரம் கொடுத்துவிட்டது. கருவி வந்ததெல்லாம் கப்பலில். சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியது 1856இல். அதே வருடம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை ராஜதானியின் அரசாங்கப் படப்பிடிப்பாளராக நியமித்தார்கள். அவர் 1858இல் மதுரையில் மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்த படங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. ஆனால் சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்ததும், சர்க்காரின் பண நிலைமைக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த ஏற்பாட்டையே மூடிவிட்டார். காமிரா என்றால் ஆடம்பரம் என்ற எண்ணம் நம் ஆட்சியாளர்களுக்கு அன்றே வந்துவிட்டது. அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாதாரண ஜனங்கள் கைக்குக் காமிரா வந்ததும் தபால் வழியாகத்தான் என்று சொன்னால் தப்பில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடக் காமிராவை 25 டாலருக்கு விற்றார். உள்ளே 100 படத்துக்கான சுருள் போட்டே வரும். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே ராச்செஸ்டர் நகரில் இருந்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பத்து டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்துத் தெருவில் கடை வேண்டும் என்ற அவசியமே இல்லை.

நம் நாட்டில் அதற்கும் முன்னால், 1877இலேயே, வி.பி.பி. வந்துவிட்டது. இளைய தலைமுறைக்காக விளக்குகிறேன். கடைக்காரர் பொருளைக் கட்டி, விலையை எழுதித் தபாலில் கொடுப்பார். பெறுகிறவர் விலையைத் தபாலாபீசில் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்காரருக்குப் போகும். கேட்டு வந்த ஆர்டருக்குத்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி எழுதித் தர வேண்டும் என்று 1898ஆம் வருடத்துத் தபால் சட்டத்திலேயே இருந்தது. ஆன்லைனில் ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்று சொல்கிறார்களே, அதற்குத் தாத்தா இந்த வி.பி.பி. ஒரே ஒரு நிபந்தனை: பணம் கட்டாமல் பார்சலைப் பிரிக்க முடியாது.

என் முதல் காமிரா பக்கத்துக் கடையில் வாங்கியது. வருடம் 1975. அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் ஒரு எஞ்சினியர் உலகின் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்துகொண்டிருந்த அதே வருடம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். களக்காட்டிலிருந்து பஸ் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷன் போனேன். ஈரடுக்குப் பாலம் கட்டி முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்டூடியோவும் கடையும் ஒன்றாக இருந்த ஓர் இடத்தில் அக்பா கிளிக் 3 வாங்கினேன். பரோடாவில் நியூ இண்டியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி செய்த காமிரா அது. 120 பிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம் போயிற்று.

கடைக்காரருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு இருபத்திரண்டு. அவர் என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். முதல் ரோலை அவரே போட்டுக் கொடுத்து, “சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கணும் தம்பி, ஆளு மூஞ்சில வெயில் விழணும்” என்று சொல்லி அனுப்பினார். நான் ஊருக்கு வந்து சத்தியவாகீஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தை எடுத்தேன். கழுவக் கொடுத்து வாங்கப் போனபோது நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “எல்லாம் சரி தம்பி, கோபுரத்துக்குத் தலை எங்க?” என்றார். பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கடைக்காரருக்குக் காமிரா விற்பதில் கிடைக்கும் லாபம் பெரிதில்லை. அவர் பிழைத்தது பிலிமிலும், கழுவுவதிலும், பிரிண்ட் போடுவதிலும். ஒரு ரோலுக்கு மூன்று நடை: வாங்க ஒரு நடை, கழுவக் கொடுக்க ஒரு நடை, படம் வாங்க ஒரு நடை. ஒவ்வொரு நடையிலும் நம் தப்பை அவர் பார்ப்பார், நாம் ஒன்று கற்றுக்கொள்வோம். சொல்லிக் கொடுத்ததற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. பிலிம் விலையிலேயே அதுவும் அடங்கியிருந்தது.

இனி தூரத்துக் கடையின் கதை. 1979இல் மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தபாலாபீசில் இருந்தேன். வாரப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அப்போது விதவிதமான வி.பி.பி. விளம்பரம் வரும். கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், காமிரா எல்லாம் பாதி விலையில். வடக்கே ஏதோ ஒரு ஊரின் தபால் பெட்டி எண் மட்டும் இருக்கும். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பையன் 85 ரூபாய்க்குக் காமிரா வரவழைத்திருந்தான். பார்சல் வந்ததிலிருந்து இரண்டு தடவை வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பணம் சேர்ந்ததும் மூன்றாவது நாள் வந்து, சில்லறையும் நோட்டுமாக எண்ணி வைத்தான். நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

அங்கேயே நின்று பிரித்தான். உள்ளே இருந்தது விளையாட்டுச் சாமான். கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா, முன்னால் ஒரு கண்ணாடி வில்லை. பிலிம் போட இடம் இருந்தது, ஆனால் எந்தப் பிலிமும் அதற்குள் போகாது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “சார், துட்டு உங்க கையிலதான குடுத்தேன்? இப்ப நான் யாருகிட்டப் போய்க் கேக்க?” என்றான்.

நான் சட்டத்தைச் சொன்னேன். நாங்கள் பார்சலைச் சுமப்பவர்கள்தான், உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு புகார் மனுவும் நானே எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்தத் தபால் பெட்டிக்காரர்களிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. பையன் அதற்குப் பிறகு மணியார்டர் வாங்கக்கூட அந்த ஜன்னலுக்கு வரவில்லை, வேறு யாரையாவது அனுப்புவான். “யாருகிட்டப் போய்க் கேக்க?” என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. தூரத்துக் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் உள்ள வித்தியாசம் விலையில் இல்லை, அந்தக் கேள்விக்கு உள்ள பதிலில்தான் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பக்கத்துக் கடையைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கடையில் என்ன கிடைத்தது? கிளிக் 3, இல்லையென்றால் அதன் அண்ணன் தம்பிகள். பிலிமுக்கு நம் நாட்டிலேயே ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை நிறுவனம். ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைப் பிலிமை நானும் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் நல்ல லென்ஸ் உள்ள வெளிநாட்டுக் காமிரா வேண்டுமென்றால் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் குறுக்கே நின்றன. வழி இரண்டுதான். ஒன்று, சென்னையில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் ஏற்பட்ட கடைவரிசை அது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பறந்துகொண்டிருந்த ‘குருவி’கள் கொண்டு வந்த சரக்கும் அங்கே கிடைக்கும். பில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். இன்னொரு வழி, வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்.

எனக்கு வாய்த்தது இரண்டாவது வழி. 1984இல் என் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு யாஷிகா எம்.எஃப்.2 கொண்டு வந்தார். 35 மில்லிமீட்டர் காமிரா, உள்ளேயே பிளாஷ். ஊரே வந்து பார்த்தது. ஒரு வருடத்தில் பிளாஷ் வேலை செய்யவில்லை. துபாய்க்கா அனுப்ப முடியும்? ஜங்ஷன் அண்ணாச்சியிடம்தான் கொண்டு போனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, “வாங்குறது எங்கயோ, அழுறதுக்கு மட்டும் நம்ம கடை” என்று சொல்லிக்கொண்டே திறந்தார். பாட்டரிக் கசிவைத் துடைத்துச் சரிசெய்தும் கொடுத்தார். அன்றைக்கு அது எனக்கு வெறும் கேலியாகத்தான் தெரிந்தது.

கடையும் தபாலும் இரண்டும் கைகொடுக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே உதாரணம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு ஈடு கிடையாது. வெவ்வேறு காமிராக்களின் பாகங்களையும் லென்ஸையும் ஒட்டுப்போட்டு, தானே ஒரு கருவி செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கிடைத்ததை வைத்து அவர் எடுத்தார். எல்லாம் கிடைக்கிற காலத்தில் நாம் விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

1991க்குப் பிறகு கதவு திறந்தது. கேனன் கம்பெனி 1997இலும் நிக்கான் 2007இலும் இந்தியாவில் தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கின. பில், வாரண்டி கார்டு, கம்பெனி சர்வீஸ் சென்டர் எல்லாம் வந்தன. பர்மா பஜாருக்குப் போக வேண்டிய அவசியம் போனது. ஜங்ஷனிலும் டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் கலர் லேப்கள் வரிசையாகத் திறந்தன. பக்கத்துக் கடைக்கு அதுதான் நல்ல காலம். பெரிய அண்ணாச்சி உட்கார்ந்த நாற்காலியில் மகன் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் அந்த நல்ல காலத்துக்குள்ளேயே கெட்ட காலமும் இருந்தது. டிஜிட்டல் வந்ததும் பிலிம் போயிற்று, கழுவும் வேலை போயிற்று. ஒரு ரோலுக்கு மூன்று நடை என்பது ஒரு காமிராவுக்கு ஒரே நடை என்று ஆனது. பிறகு செல்போன் வந்து அந்த ஒரு நடையையும் எடுத்துக்கொண்டது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே. கோடக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய்விட்டது. ஊட்டித் தொழிற்சாலையும் நொடித்து மூடப்பட்டது. ஆகவே, ஆன்லைன்காரர்கள் வந்துதான் காமிராக் கடைகளைக் கொன்றார்கள் என்று சொல்வது முழு உண்மை அல்ல. அவர்கள் வரும்போதே கடை பாதி உயிரோடுதான் இருந்தது.

ஆன்லைன்காரர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2010இல் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தது. அமேசான் இந்தியாவில் 2013 ஜூனில் கடை திறந்தது. நான் ஓய்வு பெற்றதும் அதே வருடம். வி.பி.பி.யோடு தொடங்கிய என் உத்தியோகம் முடிகிற நேரத்தில் அதன் பேரன் பைக்கில் வந்து இறங்கினான் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு கூந்தன்குளம் போய் வர ஆரம்பித்தேன். எங்கள் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கூழைக்கடாவும் நாரையும் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். அந்த ஊர் ஜனங்கள் அவற்றைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். அதை எடுக்க நல்ல ஜூம் லென்ஸ் வேண்டும் என்று ஆசை வந்தது. 2015இல் ஜங்ஷன் கடைக்குப் போனேன். மகன் மூன்று டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் தன் மெமரி கார்டைப் போட்டு, என்னை வெளியே அழைத்துப் போய், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்தை எடுக்கச் சொன்னார். வீட்டுப் பயன்பாட்டுக்கு இது, பறவைக்கு அது, இந்த லென்ஸ் உங்கள் வயதில் கனக்கும் என்று எல்லாம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காபியும் வாங்கிக் கொடுத்தார். “யோசிச்சுட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பையன் கம்ப்யூட்டரில் பார்த்தான். ஒரு தளத்தில் அதே காமிரா, அதே லென்ஸ், 4,300 ரூபாய் குறைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன். நான்காவது நாள் களக்காட்டு வீட்டு வாசலில் பார்சல் வந்து இறங்கியது. சந்தோஷம்தான்.

மூன்று மாதத்தில் லென்ஸ் போகஸ் ஆகாமல் நின்றது. கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் எண்ணைப் பார்த்துவிட்டு, இது நாங்கள் இந்தியாவுக்குக் கொண்டு வந்த லென்ஸ் இல்லை, வாரண்டி செல்லாது என்றார்கள். கிரே மார்க்கெட் சரக்காம். பர்மா பஜார் குருவி அப்போது விமானத்தில் வந்தது, இப்போது கூரியரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தளத்தில் கேட்டால், விற்றது நாங்கள் இல்லை, எங்கள் தளத்தில் கடை போட்ட இன்னொருவர் என்றார்கள். அந்த இன்னொருவரைக் காணோம். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது. நாங்கள் பார்சலைச் சுமப்பவர்கள்தான் என்று 1979இல் நான் சொன்ன பதில், எனக்கே திரும்பி வந்தது.

வெட்கத்தை விட்டு ஜங்ஷன் கடைக்கே போனேன். பெட்டியைத் திறந்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “எங்கப்பா சொல்லுவாங்க சார், வாங்குறது எங்கயோ, அழுறதுக்கு நம்ம கடைன்னு” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. லென்ஸை அவர் திறக்கவில்லை. தனக்குத் தெரியாத வேலையில் கை வைக்க மாட்டேன் என்று சென்னையில் ஒரு மெக்கானிக்குக்கு அனுப்பி வைத்தார். மூன்று வாரத்தில் சரியாகி வந்தது. மெக்கானிக் கூலி 1,800 ரூபாயும் கூரியர் செலவும் வாங்கிக்கொண்டார், தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. கிளம்பும்போது, “அன்னைக்கே கேட்டிருந்தா ரெண்டாயிரம் ரூபா குறைச்சிருப்பேனே சார். நீங்க கேக்கவே இல்லையே” என்றார். அதுதான் உறைத்தது. ஆமாம், நான் கேட்கவே இல்லை. அவருடைய ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொண்டேன். அதற்கு ஒரு விலை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2020 ஊரடங்குக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கடைகள் மூடியதற்கு என் 4,300 ரூபாய் காரணம் இல்லை என்று கணக்குப் போட்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். அந்தக் கணக்கைத்தான் மேலே எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் என்னைப் போல எத்தனை பேர் அந்தக் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் போய் வாங்கியிருப்பார்கள் என்ற எண்ணம் வராமல் இல்லை.

இதற்கிடையில் சட்டம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. வந்தபோது டிஜிட்டல் காமிராவை 28 சதவீத வரியில் வைத்தார்கள். டிரெவெல்யன் துரையின் ஆடம்பரம் அதுவரை நீண்டது. 2019 ஜனவரி 1 முதல்தான் அதை 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அதைவிட முக்கியம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாங்கியவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் களக்காட்டுக்காரர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆன்லைன் தளங்கள் விற்பவரின் பெயர், முகவரி விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அதே மாதம் வந்தது. வாழைத் தோட்டத்துப் பையனின் கேள்விக்கு நாற்பது வருடம் கழித்தாவது ஒரு பதில் கிடைத்தது.

இவ்வளவையும் பேத்தியிடம் சொன்னேன், 2015 சங்கதி உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி தாத்தா, இப்ப எங்க வாங்கணும்?” என்றாள்.

என் பதில் இதுதான். ஆன்லைனில் வாங்கினால் தப்பில்லை. நம்மைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி. பெருநகரத்துக்காரருக்குக் கிடைக்கும் அதே பொருளும் அதே விலையும் நமக்கும் கிடைக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிய கடைக்காரரையும், பில் இல்லாமல் தள்ளிவிட்ட கடைக்காரரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆன்லைனில் வாங்குவதென்றால் தளத்தின் பெயரைப் பார்த்தால் போதாது, விற்பவர் பெயரைப் பார். அவர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று கம்பெனியிடமே விசாரி. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடு. வாரண்டி எண்ணை முதல் நாளே சரிபார். கடையில் போய்த் தொட்டுப் பார்த்தால், அங்கேயே வாங்கு. விலை கூடுதலாகத் தெரிந்தால் வாயைத் திறந்து கேள். கொடுக்க முடியாது என்று அவர் சொன்ன பிறகு நீ எங்கே போய் வாங்கினாலும் அதில் குற்றம் இல்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போனேன். போகும் முன் ஜங்ஷன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். இப்போது கல்யாண வீடியோ எடுக்கப் போகிறார். உடனே வந்தார். தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அழைத்துப் போய், புதுசாக வந்திருக்கும் கண்ணாடியில்லாக் காமிராக்களைப் பற்றி அவளுக்கு விளக்கினார். பேத்தி என்னைப் போல இல்லை. செல்போனைக் காட்டி, “ஆன்லைன்ல இந்த விலை போட்டிருக்கு அங்கிள், நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுப் பாதி தூரம் இறங்கி வந்தார், ஒரு பையும் மெமரி கார்டும் சேர்த்துக் கொடுத்தார். மீதி வித்தியாசம் 1,100 ரூபாய். “பரவாயில்ல தாத்தா, நாளைக்கு ஏதாச்சும்னா இங்கதான வருவேன்” என்றாள்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போது பழைய கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்தது சரியில்லை, இத்தனை வருடமாகச் சொல்ல வாய் வரவில்லை என்றேன். “அதை விடுங்க சார், எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சு” என்றார். டீயைக் குடித்து முடித்துக் கிளாஸை வைக்கும்போது, “நாலாயிரத்து முந்நூறு ரூபாதான வித்தியாசம்?” என்றார்.

பேத்தி புதுக் காமிராவில் எடுத்த முதல் படம் பறவை இல்லை. அந்த டீக்கடையில் நாங்கள் இருவரும் நிற்பதுதான். என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும் என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.